பாலைவனத்தில் சில வாரத் தொண்டு

பிரிவுக்குரிய நிலமாகப் பாலையைக் கொண்டனர் பழந்தமிழ்ப் புலவர். பொருள் தேடச் செல்லும் தலைவன் கடந்து போகும் கொடிய வழியே அவர்தம் பாடல்களிற் பாலையாய்த் தோன்றுகின்றது. கடந்து போவதற்கே அஞ்சத்தக்க அத்தகையதொரு நிலத்தில், பிறந்த ஊரைப் பிரிந்த ஒரு மக்கட்கூட்டம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் தங்கி வாழ்கின்றது. ஆபிரிக்காவின் வடமேற்கில், சகாராப் பாலைவனத்தின் ஒரு மூலையில் வாழும் சகராவி மக்களே அவர்கள். அவர்களோடு சில வாரங்கள் தங்கித் தொண்டாற்றுவதற்கென ஆண்டுதோறும் பிறநாட்டார் பலர் அங்குச் செல்கின்றனர். ஆசிரியர், மருத்துவர், கைவினைஞர், மாணவர் எனப் பலதிறத்தினர் அவருள் உளர். சில வாரங்களில் ஒருவர் என்ன செய்துவிட முடியும்? அவர் செய்யும் தொண்டு உண்மையில் யாருக்குப் பயன்படுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அம்மக்கள் அவ்விடத்தை அடைந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

அத்திலாந்திக் சமுத்திரக் கரையிலுள்ள மேற்குச் சகாரா 1884ஆம் ஆண்டு தொடக்கம் ஸ்பானியாவின் ஆதிக்கத்தில் இருந்தது. மீன்வளம் மிக்க கடலும் பொசுபேற்றுப் படிவங்களும் உடையது அந்நாடு. 1975ஆம் ஆண்டு ஸ்பானியா அங்கிருந்து விலக முற்பட்டபோது, வடக்கேயுள்ள மொறோக்கோவும் தெற்கேயுள்ள மொரித்தானியாவும் அதற்கு உரிமை கோரின. அவ்வாண்டு ஒக்டோபரில் சர்வதேச நீதிமன்றம், அந்நாட்டு மக்கள் தம் வருங்காலத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை மறுக்கத்தக்க சான்று எதுவும் இல்லை எனக் கருத்துரைத்தது. ஆயினும் அடுத்த மாதமே ஸ்பானியா அவ்விரு நாடுகளோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, 1976ஆம் ஆண்டு பெப்புருவரியில் வெளியேறிற்று. போர் மூண்டது. வானூர்திகள் குண்டு பொழிய, பெண்களும் சிறுவரும் முதியோரும் கிழக்கு நோக்கி ஓடி, அல்ஜீரியாவின் தென்மேற்கெல்லையிலுள்ள திந்தூஃப் நகரை அடுத்த வெட்டவெளியிற் புகலடைந்தனர்.

1979ஆம் ஆண்டு மொரித்தானியா விலகிக்கொண்டது. மொறோக்கோவுடனான போர் 1991ஆம் ஆண்டிலே ஓய்ந்தது. விடுதலையா, இணைப்பா என மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதற்கென ஐக்கிய நாடுகள் சபை ஒரு தூதுக்குழுவை நிறுவிற்று. அந்த வாக்கெடுப்பு இன்றளவும் நடைபெறவில்லை. ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் நீளமான மணல் அரணும், அதனைச் சூழப் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளும் ஊருக்கும் மக்களுக்கும் இடையே கிடக்கின்றன. 2020ஆம் ஆண்டு நவம்பரிற் போர்நிறுத்தமும் முறிந்தது.

அவர்கள் வாழும் நிலம் கல்லும் சரளையும் பரந்த வறண்ட மேட்டு வெளியாகும். கோடையில் வெப்பம் 50 பாகையை எட்டும். மாரிக்கால இரவுகளோ நடுக்கும் குளிருடையன. மணற்புயல் எழுந்தால் பகலும் இருளும். அந்நிலத்திலே ஐந்து முகாம்கள் அமைந்துள்ளன. எல் அயூன், ஸ்மாரா, அவுசேர்ட், டக்லா, புஜ்தூர் என்பன அவற்றின் பெயர்கள். இவை யாவும் மக்கள் இழந்துவந்த நகரங்களின் பெயர்களே. ஸ்மாரா முகாமிற் பிறந்த பிள்ளை, தான் ஒருநாளும் காணாத ஸ்மாரா நகரின் பெயரைத் தன் ஊர்ப்பெயராகச் சொல்லி வளர்கின்றது. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி முகாம்களில் 1,73,600 பேர் இருந்தனர்.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இம்மக்கள் பிறர் கையை எதிர்பார்த்துச் சும்மா இருப்போர் அல்லர். ஆடவர் போர்முனையில் நின்ற காலத்திலே, கூடாரங்களை நிறுத்தியவரும், மண்கல் அரிந்து வீடும் பள்ளியும் கட்டியவரும், பங்கீட்டுப் பொருளை வீடுதோறும் ஒழுங்காகப் பகிர்ந்தவரும் பெண்களே. முகாம் ஒவ்வொன்றும் ஒரு மாகாணம் போலவும், அதன் உட்பிரிவுகள் வட்டாரங்கள் போலவும் அமைக்கப்பட்டுள்ளன. பள்ளிகளில் அரபுமொழியோடு ஸ்பானிய மொழியும் கற்பிக்கப்படுகின்றது. கியூபா, அல்ஜீரியா முதலிய நாடுகளுக்குச் சென்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கற்றுத் திரும்பியோர் பலர். ஆகவே, தொண்டர் என வருபவர் அறியாமை நிறைந்த வெற்றிடத்துக்கு வருகின்றார் அல்லர். தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் ஒரு சமுதாயத்தின் வாயிலில் விருந்தினராக வந்து நிற்கின்றார்.

அவர் தங்குவது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே. கம்பளம் விரித்த அறையில் வீட்டாரோடு உண்டு, அங்கேயே உறங்குவார். வந்தவருக்கு முதலிற் கிடைப்பது தேநீர். கரியடுப்பிலே சிறு கெண்டியை வைத்துக் காய்ச்சி, கிண்ணத்துக்குக் கிண்ணம் உயரத் தூக்கி ஊற்றி நுரை எழுப்பி, மூன்று முறை வழங்குவார்கள். முதலாவது கசப்பு, இரண்டாவது இனிப்பு, மூன்றாவது மென்மை. மூன்றும் முடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்கும் தொண்டர் அங்கே முதற்பாடத்திலேயே தவறிவிடுகின்றார். அந்த ஒரு மணி நேரத்திலேதான் வீட்டின் நோயும் கவலையும், வெளிநாட்டிலுள்ள மகனின் செய்தியும் பேசப்படும்.

அத்தேநீருக்கு விலையும் உண்டு. நிலத்தடி நீரிற் பெரும்பகுதி உப்பு நீராதலின், அதனைப் பொறிகளாற் சுத்திகரித்துக் குழாய் வழியாகவும் பாரவூர்தி வழியாகவும் வழங்குகின்றனர். குடும்பங்கள் அதனைத் தொட்டியில் நிரப்பி அடுத்த முறை வரும்வரை காக்கின்றன. ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் என்னும் குறைந்த அளவும் எல்லார்க்கும் எப்போதும் கிடைப்பதில்லை. மாவு, பருப்பு, எண்ணெய், சீனி என்பன மாதந்தோறும் உதவிப் பொருளாக வருவன. உலகின் கவனம் வேறிடத்துக்குத் திரும்பும்போது அவற்றின் அளவும் குறைகின்றது. பெண்களிடத்தும் குழந்தைகளிடத்தும் இரத்தச்சோகை பரவலாக உண்டு. ஆதலால், தொண்டர் குளிக்கும் ஒவ்வொரு வாளி நீரும், உண்ணும் ஒவ்வொரு பிடி சோறும் யாரோ ஒருவருடைய பங்கிலிருந்து வருவதாகும். தம் உணவுச்செலவை முன்னரே குடும்பத்தாரிடம் கொடுப்பதும், நீரை அளந்து செலவிடுவதும் அங்கே வெறும் நன்னடத்தை அல்ல. தொண்டின் முதற்பகுதி அவையே.

பாதுகாப்பும் அவ்வாறே. 2011ஆம் ஆண்டு ஒக்டோபரில், முகாம்களின் நிருவாக நிலையமாகிய ரபூனியிலிருந்து உதவிப் பணியாளர் மூவரை ஆயுதம் தாங்கியோர் கடத்திச் சென்றனர். அடுத்த ஆண்டு யூலையிலேயே அவர்கள் விடுதலை பெற்றனர். அதன் பின்னர் வெளிநாட்டார் முகாமுக்கு முகாம் செல்லும்போது காவலர் உடன் செல்லும் முறை ஏற்பட்டது. ஒரு விருந்தினரைக் காப்பதற்குப் பலர் விழித்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தனையும் செலவிட்டு ஏற்கப்படும் தொண்டர், ஈடாக எதைத் தருகின்றார்? ஆங்கிலம் கற்பிக்க வருபவரை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரங்கள் கற்பித்துவிட்டு ஒருவர் போக, அடுத்தவர் வந்து மீண்டும் முதலெழுத்திலிருந்தே தொடங்கினால், பிள்ளைகள் ஆண்டு முழுவதும் முதற்பாடத்தையே படித்துக்கொண்டிருப்பர். அன்பு வைத்த ஆசிரியரை மாதந்தோறும் இழக்கும் துயரம் வேறு. மாறாக, பாடத்திட்டம் முகாமின் ஆசிரியர் கையிலேயே இருந்து, வருபவர் அவருக்குத் துணையாக உச்சரிப்பையும் உரையாடலையும் பயிற்றுவாராயின், ஒருவர் விட்ட இடத்திலே மற்றவர் தொடரலாம். கண்புரை அகற்ற வரும் மருத்துவக் குழுவின் நிலையும் இதுவே. நோயாளரை முன்னரே தெரிந்து வைப்பவரும், குழு சென்றபின் புண் ஆறும்வரை பார்ப்பவரும் அங்குள்ள மருத்துவரும் தாதியரும் ஆவர். அவர் இல்லையெனின், சிறந்த கைத்திறனும் பாதிப் பயனே தரும்.

வெளியார் கண்ணுக்குத் தோன்றாத வழி உள்ளூரார் அறிவுக்குப் புலப்படுவதுண்டு. 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் அரிதாகப் பெய்த பெருமழையால் ஆயிரக்கணக்கான மண்வீடுகள் கரைந்தன. அவுசேர்ட் முகாமிற் பிறந்து, வெளிநாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய பொறியியலாளர் தத்தே லெஹ்பிப் என்பவர், தம் பாட்டியாருக்காக ஒரு வீடு கட்ட முற்பட்டார். எறிந்து கிடந்த பிளாத்திக்குப் போத்தல்களில் மணலை நிரப்பி, அவற்றையே செங்கல்லாக அடுக்கி, வட்ட வடிவிற் சுவர் எழுப்பினார். வட்டமாதலின் புயற்காற்று சுவரை மோதாது வழுவிச் செல்லும், வெப்பமும் உள்ளே குறையும், மழைக்கும் கரையாது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 6,000 போத்தல்கள் வேண்டும். அகதிகள் நிறுவனத்தின் துணையோடு இத்தகைய 25 வீடுகள் கட்டப்பட்டன. அங்கே தொண்டருக்குரிய வேலை மிக எளியது: போத்தல் பொறுக்குவது, மணல் நிரப்புவது, கொத்தனுக்கு எடுத்துக் கொடுப்பது. பட்டம் பெற்று வந்த ஒருவருக்கு இது சிறுமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் வீட்டுக்குரியோர் கேட்ட வேலை அதுவே.

சில வாரத் தொண்டு என்னும் முறைக்கு வித்திட்டவருள் ஒருவராகிய சுவிற்சர்லாந்து நாட்டுப் பியர் செரசோல் இந்த உண்மையை முதலிலேயே கண்டார். முதலாம் உலகப்போரால் அழிந்த வெர்டனை அடுத்த ஒரு சிற்றூரை மீளக் கட்டுவதற்கென, 1920ஆம் ஆண்டிற் பல நாட்டாரை அவர் அழைத்துச் சென்றார். அவருள் ஜெர்மானியரும் இருந்தனர். பகையின் வடு ஆறாத அவ்வூரில் ஜெர்மானியர் உதவி ஏற்கப்படாமையால், சில மாதங்களிற் பணி நின்றது. கொடுப்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. ஏற்பவரின் இசைவும் வேண்டும். செரசோல் சோர்ந்தாரல்லர். 1934ஆம் ஆண்டுப் பூகம்பத்தாற் சிதைந்த பீகாருக்கும் அவர் தொண்டர் சிலரோடு சென்று, அங்குள்ள மக்களோடு சேர்ந்து கிராமங்களை அமைத்தார்.

சகராவி மக்கள் விருந்தினரிடம் வேறொன்றையும் எதிர்பார்க்கின்றனர். தாம் மறக்கப்படலாகாது என்பதே அது. இதற்காக அவர்களே வழிகள் வகுத்துள்ளனர். கோடைதோறும் ஆயிரக்கணக்கான சிறுவர் ஸ்பானியக் குடும்பங்களோடு இரு மாதங்கள் தங்கி வருகின்றனர். 2001ஆம் ஆண்டு தொடக்கம் முகாம்களுக்கிடையே நெடுந்தூர ஓட்டப்போட்டி நடைபெற்று வந்துள்ளது. திரைப்பட விழா ஒன்றும் உண்டு. சிறந்த படத்துக்கு அங்கே பரிசு ஒரு வெள்ளை ஒட்டகம். படம் எடுத்தவர் அதனை ஊருக்குக் கொண்டுபோதல் இயலாதாகையால், அது முகாமிலேயே ஒரு குடும்பத்திடம் தங்கிவிடும். இவ்வழிகளில் வந்து பழகியோர் ஊர் திரும்பியபின் கடிதம் எழுதுகின்றனர், மருந்து சேர்க்கின்றனர், தம் நாட்டுச் சபைகளில் இம்மக்களின் வழக்கை எடுத்துரைக்கின்றனர். நான்கு வாரத் தொண்டின் பெரும்பகுதி அந்நான்கு வாரங்கள் கழிந்த பின்னரே நிகழ்கின்றது எனலாம்.

ஆதலால், இத்தகைய பணிக்குச் செல்ல விரும்புவோர் புறப்படுமுன் சில கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளல் நலம். இந்த வேலையைக் கேட்டவர் யார்? தாம் செல்லுமுன் அதனைச் செய்தவர் யார்? தாம் திரும்பிய பின் அதனைத் தொடர்பவர் யார்? இவற்றுக்கு விடை கிடைக்காவிடில், பயணச்செலவை அங்குள்ள ஆசிரியருக்கோ தாதிக்கோ ஊதியமாக அனுப்புதலே மேலாகும். விடை கிடைக்குமாயின் செல்லலாம். வேலையைக் குறித்த நாளில் முடித்து, செய்தவற்றை எழுதி அடுத்தவருக்காக ஒப்படைத்து வரலாம்.

வேலை முடிந்த இரவில் வீட்டார் மீண்டும் தேநீர் காய்ச்சுவர். விருந்தினர் கையிலே திரும்பிச் செல்வதற்குரிய பயணச்சீட்டு இருக்கும். எதிரே அமர்ந்து தேநீர் ஊற்றும் மூதாட்டி 1976ஆம் ஆண்டில் நடந்து வந்தவராக இருத்தல் கூடும். அவரிடம் அத்தகைய சீட்டு இல்லை. அடுத்த ஆண்டும் வருவீர்களா என்று அவர் கேட்பார். நிறைவேற்ற முடியாத வாக்கை அவருக்கு அளியாதிருப்பது, விடைபெறும் தொண்டரின் இறுதிக் கடமையாகும்.