ராஜாளிச் சங்கத்து வீரர்

ஸ்லோவீனிய மண்ணிலே பிறந்து, அம்மண்ணிலேயே இறந்த ஒருவர் நான்கு அரசாங்கங்களுக்குப் பிரஜையாக இருக்க நேர்ந்தது என்றால், அவர் தேசாந்தரம் சென்று அலைந்தவர் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். அவர் இருந்த இடத்திலேதான் இருந்தார். ராஜ்யங்களே வந்து வந்து போயின. தேகப்பயிற்சிப் பந்தயங்களில் உலகப் புகழ் பெற்ற லியோன் ஷ்டுகெல் என்பவரே அவர். அவருடைய சரித்திரத்தை நம்மவர் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

1898-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி நோவோ மெஸ்தோ என்னும் சிற்றூரில் அவர் பிறந்தபோது, ஸ்லோவீனியர்களுக்கென்று ஒரு தேசம் இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரிய சக்கரவர்த்தியின் ஆட்சியில் அவர்கள் அடங்கிக் கிடந்தார்கள். ஆனால் தேசம் இல்லாவிட்டாலும் ஒரு சங்கம் இருந்தது. அதன் பெயர் ‘ஸோகோல்’. ராஜாளி என்பது அதன் பொருள். 1862-ம் வருஷத்தில் பிராக் நகரில், கலை நூல்களில் தேர்ந்த மீரோஸ்லாவ் டீர்ஷ் என்பவரும், வர்த்தகரான யிந்திரிஹ் ஃப்யூக்னர் என்பவரும் இதைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே அது ஸ்லோவீனியர்களின் லூப்லியானா நகரிலும் கிளைத்தது. பார்வைக்கு இது வெறும் கஸரத்துக் கூடம். வாலிபர்கள் கூடுவார்கள், கம்பியில் தொங்குவார்கள், வரிசையாக நின்று கைகால்களை அசைப்பார்கள். ஆயினும் அங்கே கட்டளைகள் பிறந்தது ஆள்வோரின் ஜெர்மன் பாஷையில் அல்ல, தாய்மொழியில். ஒருவனுடைய தோள் வலுப்பெறுவதில் சர்க்காருக்கு என்ன பயம் என்று கேட்கலாம். பயம் இருந்தது. லூப்லியானாச் சங்கத்தை 1867-ல் அதிகாரிகள் கலைத்தார்கள். அது வேறு பெயரில் மறுபடி முளைத்தது. முதல் மகாயுத்தத்தின்போது மீண்டும் தடை விதித்தார்கள். அடிமைப்பட்ட ஜனங்களுக்குச் சரீர பலம் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை ஆண்டவர்களே நன்கு உணர்ந்திருந்தார்கள் போலும்!

இந்தச் சங்கத்தில் சிறுவனாகச் சேர்ந்தவரே ஷ்டுகெல். யுத்தம் முடிந்து சக்கரவர்த்தி போனார். ஸெர்பியர், குரோஷியர், ஸ்லோவீனியர் என்ற மூன்று ஜனங்களின் ராஜ்யம் உதித்தது. 1922-ல் லூப்லியானாவிலேயே உலகப் பந்தயம் நடந்தபோது, வளையம், ஒற்றைக்கம்பி, இரட்டைக்கம்பி ஆகிய மூன்றிலும் அவர் முதன்மை பெற்றார். (நமது கஸரத்துக் கூடங்களில் ‘சிங்கிள் பார்’, ‘டபிள் பார்’ என்று வழங்குபவையே இந்தக் கம்பிகள்.)

1924-ல் பாரிஸில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அது இக்காலத்துப் பந்தயம்போல் அல்ல. மேற்கூரை இல்லாத கொலோம்ப் மைதானத்தில், திறந்த வெளியில் நடந்தது. கம்பிகள், வளையம், குதிரை ஆகியவற்றோடு கயிற்றில் கைகளால் ஏறும் பந்தயமும் உண்டு. இவ்வளவிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே ஆண்களில் சிறந்தவர் யார் என்று தீர்மானிப்பார்கள். ஒன்றில் வல்லவன் மற்றொன்றில் சறுக்கினால் கதை முடிந்தது. வளையத்தின் தன்மை ஒரு விதம்: இரண்டு கயிறுகளில் ஆடும் வளையங்களைப் பிடித்துக்கொண்டு உடலைச் சிலைபோல் நிறுத்தவேண்டும், அங்கே பொறுமையே பலம். ஒற்றைக்கம்பியின் தன்மை வேறு: வேகத்தில் சுழன்று, பிடியை விட்டு, மறுபடி பிடிக்கவேண்டும், க்ஷண நேரம் தாமதித்தாலும் தரைதான். இரண்டிலும் தேர்ச்சி பெறுவது அரிது, ஷ்டுகெல் பெற்றிருந்தார்.

மொத்தக் கணக்கில் அவருக்கு 110.340 புள்ளிகள், செக் வீரர் ராபர்ட் பிராஷாக்குக்கு 110.323. ஒரு புள்ளியில் நூறில் இரண்டு பங்குகூட வித்தியாசம் இல்லை! மூன்றாவது இடமும் செக் நாட்டு ஷுப்சிக்குக்கே கிடைத்தது. முன்பு சக்கரவர்த்தி ஆட்சியில் ராஜாளிச் சங்கம் வளர்த்த ஜனங்களே மூன்று இடங்களையும் பிடித்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். ஒற்றைக்கம்பியிலும் தங்கம் ஷ்டுகெலுக்கே. புதிய ராஜ்யம் ஒலிம்பிக்கில் கண்ட முதல் தங்கங்கள் இவை. அப்பொழுது அவருக்கு வயது 25.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் வளையத்தில் தங்கமும், மொத்தக் கணக்கிலும் அணியிலும் வெண்கலமும் பெற்றார். 1930-ல் லக்ஸம்பர்க் பந்தயத்தில் அவருடைய அணியைச் சேர்ந்த அந்தோன் மலேய் விழுந்து அடிபட்டு உயிர் நீத்தார். இதை விளையாட்டு என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் அந்தப் பெயரை நினைத்துக்கொள்ளட்டும்.

1936-ல் பெர்லினுக்குப் போனபோது ஷ்டுகெலுக்கு 37 வயது. ஹிட்லரின் கண்ணெதிரே ஜெர்மானியர் தேகப்பயிற்சியில் பதக்கங்களை வாரிக்கொண்ட பந்தயம் அது. ஆயினும் வளையத்தில் செக் வீரர் ஹூதெத்ஸ் முதலாவதாகவும், ஷ்டுகெல் இரண்டாவதாகவும் வந்தனர். ஜெர்மானியருக்கு மூன்றாவது இடமே எஞ்சியது. ஐந்து வருஷங்களுக்குள் ஜெர்மனியும் இத்தாலியும் ஹங்கேரியும் ஸ்லோவீனியாவைப் பங்கிட்டுக்கொண்டன.

இனி நமக்கு மனவருத்தம் தரும் பகுதி. ஷ்டுகெல் சட்டம் படித்து நியாயாதிபதியாக உத்தியோகம் பார்த்தவர். பந்தயம் அவருக்குப் பிழைப்பு அல்ல. யுத்தத்துக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் சர்க்கார், முடியாட்சியின் பக்கம் நின்றவர் என்று அவரைச் சிறிது காலம் சிறையில் வைத்தது. நியாயாதிபதி ஸ்தானமும் போயிற்று. வக்கீல் தொழிலில் உதவியாளராகவே பின்னர் காலம் தள்ளினார். ராஜபக்தி நமக்கு உவப்பான கொள்கையன்று. ஆனால் ஒருவனுடைய அபிப்பிராயத்துக்காக அவன் தொழிலைப் பறிப்பது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அநீதியே என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் வாங்கித் தந்த பதக்கங்களை மட்டும் அந்தச் சர்க்கார் வேண்டாம் என்று சொல்லவில்லை! ஒலிம்பிக் ஏடுகளில் அந்த ஆறும் இன்றும் யூகோஸ்லாவியாவின் கணக்கிலேயே நிற்கின்றன. பூமிப்படத்தில் அப்பெயர் கொண்ட தேசம் இல்லை.

1991-ல் ஸ்லோவீனியா சுதந்திரம் பெற்றது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், உயிருடன் இருந்த தங்கப் பதக்க வீரர்களில் மூத்தவர் என்று 97 வயது ஷ்டுகெலை அழைத்தபோது, அவர் தடியூன்றாமல் துள்ளி நடந்து வந்ததைக் கண்டு ஜனங்கள் ஆரவாரித்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் கைகுலுக்கினார். 1999 நவம்பர் 8-ந் தேதி மாரிபோர் நகரில் அவர் காலமானார். 101-வது பிறந்த நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன.