தோற்றது யாருடைய கடவுள்?

போன வாரம் யூதாவின் யோசியா அரசரோடு நிறுத்தியிருந்தோம். ஆலயத்தில் கிடைத்த சுருளைப் படிக்கக் கேட்டு, அசேரா தேவியின் உருவத்தைக் கீதரோன் ஓடையில் எரித்து, ஊர் ஊராக மேடைகளை இடித்தாரே, அவர்தான். தங்கள் கடவுளான யாவே ஒருவரையே கும்பிட வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டவர் கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்திய மன்னன் கையில் மாண்டார். கி.மு. 586இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேம் ஆலயத்தையே கொளுத்தியது. பலன் இதுதானா என்று எவருக்கும் கேட்கத் தோன்றும்.

கேட்டார்கள். எரேமியா புத்தகத்தின் 44ஆம் அதிகாரத்தில் அந்தச் சண்டை அப்படியே இருக்கிறது. எகிப்துக்குத் தப்பி ஓடிய யூதர்கள் கூடியிருக்கிறார்கள். வேறு தெய்வங்களுக்குத் தூபம் காட்டியதால்தான் நாடு பாழானது என்கிறார் தீர்க்கதரிசி எரேமியா. கூட்டம் மசியவில்லை. வானராக்கினி என்ற தேவிக்குத் தூபம் போட்டு, பானபலி வார்த்த காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், அதை நிறுத்திய பிறகே பஞ்சமும் பட்டயமும் வந்தன என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவள் சாயலில் பணியாரம் சுட்டது எங்கள் புருஷன்மாருக்குத் தெரியாமலா நடந்தது என்று பெண்கள் கேட்டார்கள். யோசியாவுக்குப் பின் நடந்ததைப் பார்த்தால் அவர்கள் கணக்கிலும் நியாயம் உண்டு. அதை வெட்டி எறியாமல் விட்டுவைத்த தொகுப்பாளர்களுக்குக் கொஞ்சம் துணிச்சல்தான்.

சாமி கோபித்துக்கொண்டதால் தோற்றோம் என்பதொன்றும் எரேமியாவின் கண்டுபிடிப்பல்ல. 1868இல் திபானில் வெளிப்பட்டு, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டில் மோவாப் அரசன் மேசாவும் இதையே சொல்கிறான்: மோவாபின் கடவுள் காமோஸ் தன் நாட்டின்மீது கோபமாக இருந்ததால் இஸ்ரவேல் மோவாபை ஒடுக்கியது. எரேமியாவுக்கு இருநூறு வருடங்களுக்கு மேல் முந்தைய கல் அது. ஆனால் காமோஸின் ஆட்சி மோவாபோடு முடிந்துவிட்டது. மற்ற நாடுகளுக்கு மற்ற தெய்வங்கள் இருந்தார்கள்.

பாபிலோனில் சிறையிருந்த யூதர்களால் அங்கே நிற்க முடியவில்லை. நாடு இல்லை, அரசன் இல்லை, ஆலயமும் இல்லை. நாட்டோடு கட்டிப்போட்ட கடவுள் என்றால் அவரும் முடிந்தார். அப்போதுதான் ஏசாயா புத்தகத்தின் 40ஆம் அதிகாரம் தொடங்கிப் பேசுகிற, பெயர் தெரியாத தீர்க்கதரிசி வருகிறார். நம்மை அடித்த பாபிலோனும் யாவேயின் கையில் இருந்த கோல்தான், அதை உடைக்க வரும் பாரசீகன் கோரேஸும் அவர் அனுப்பிய ஆள்தான் என்றார். தன்னை அறியாத அந்நிய அரசனை யாவே 'அபிஷேகம் பண்ணப்பட்டவன்' என்றே அழைக்கிறார். பாபிலோனின் தெய்வங்களான பேலும் நேபோவும் மாடுகளின் முதுகில் பாரமாகப் போகிறார்கள் என்று கேலி வேறு. யாவேயைத் தவிர வேறு தெய்வமே இல்லை என்றும் சொன்னார். இதற்கு ஒரு விலையும் இருந்தது. வேறு தெய்வம் இல்லையென்றால் தீங்கை யார் தலையில் கட்டுவது? 45ஆம் அதிகாரம் அதையும் யாவே மேலேயே சுமத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், 1879இல் பாபிலோனில் கிடைத்த களிமண் உருளை, அதே கோரேஸைத் தேர்ந்தெடுத்தது பாபிலோனின் கடவுள் மர்தூக் என்கிறது. கி.மு. 539இல் நகரம் விழுந்தது. இரண்டு சாமிகளின் ஆட்களும் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

வேறு தெய்வமே இல்லை என்ற அந்தத் தீர்க்கதரிசியின் குரல் எல்லா யூதர்களையும் எட்டிவிடவில்லை. நைல் நதியில், அஸ்வானுக்கு எதிரே எலிபன்டைன் தீவில் பாரசீகர்களுக்குக் காவல் செய்த யூதப் படைவீரர்கள் இருந்தார்கள். யாவேயை அவர்கள் யாகு என்பார்கள். அவருக்குத் தனி ஆலயமும் வைத்திருந்தார்கள். கி.மு. 400 வாக்கில் அவர்கள் எழுதிய நன்கொடைப் பட்டியல் கிடைத்திருக்கிறது. யாகுவுக்குத் தலைக்கு இரண்டு சேக்கல் வெள்ளி என்று தலைப்பு. கொடுத்தவர்களில் பெண்கள் நிறைய. ஒரு கர்ஷுக்குப் பத்து சேக்கல். கடைசியில் வரவைப் பிரித்திருக்கிறார்கள்: யாகுவுக்கு 12 கர்ஷ் 6 சேக்கல், எஷெம்பெத்தேல் என்ற தெய்வத்துக்கு 7 கர்ஷ், அனாத்பெத்தேல் என்ற தேவிக்கு 12 கர்ஷ்.