காசில் அமர்ந்த ஆந்தை

கிரேக்கத்துக்குச் சுற்றுலா போய் வந்த என் அக்கா, அந்நாட்டின் 1 யூரோ நாணயம் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதில் ஓர் ஆந்தை. “போயும் போயும் ஆந்தையையா காசில் போடுவார்கள்?” என்று அம்மா முகம் சுளித்தார். ஆந்தை அலறினால் ஆகாது என்பது அவர் நம்பிக்கை. எனக்கோ ஆர்வம் பிறந்தது, தேடிப் படித்தேன்.

அந்த ஆந்தைக்கு வயது ஏறத்தாழ 2,500. பழங்கால ஏதென்ஸ் நகரின் நான்கு திராக்மா வெள்ளி நாணயத்தில் இருந்த உருவம் அது. எடை சுமார் 17 கிராம். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அறிவுத் தெய்வம் அதீனா. மறுபக்கம் அவருடைய பறவையான ஆந்தை, ஆலிவ் கிளை, நகரின் பெயரைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகள். வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு இடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து இதை உருவாக்கினார்கள். மக்கள் இந்தக் காசை ‘ஆந்தை’ என்றே அழைத்தார்கள். ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று நாம் சொல்வதை, கிரேக்கர்கள் ‘ஏதென்சுக்கு ஆந்தை கொண்டுபோவது’ என்றார்கள்.

இதற்கான வெள்ளி லாரியன் சுரங்கங்களிலிருந்து வந்தது. கி.மு. 483 வாக்கில் அங்கே பெருமளவு வெள்ளி கிடைத்தது. அதைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர் போர்க்கப்பல்கள் கட்டச் சொன்னார். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் படையைத் தோற்கடிக்க அக்கப்பல்களே கைகொடுத்தன.

இதுவரை படித்தபோது வியப்பாக இருந்தது. அடுத்துப் படித்தது மனத்தை உறுத்தியது. அந்த வெள்ளியை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். நிமிர்ந்து நிற்க முடியாத குறுகிய பாதைகளில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பாறையை உடைத்தார்கள்.

கி.மு. 413இல் ஸ்பார்ட்டா படை ஏதென்சுக்கு அருகே கோட்டை அமைத்தது. அதன் பிறகு 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்சை விட்டுத் தப்பி ஓடியதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். சுரங்க வேலை முடங்கியது. சில ஆண்டுகளில், செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய காசுகளை ஏதென்ஸ் வெளியிட வேண்டியதாயிற்று. மேலே அதே அதீனா, அதே ஆந்தை, உள்ளே செம்பு!

நண்பர்களே, வரலாற்றுப் பாடத்தில் தலைவர்களின் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறோம். அந்தப் போர்க்கப்பல்களுக்கான வெள்ளியைத் தோண்டியவர்கள் யார் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அக்கா கொடுத்த நாணயத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அவர்கள் நினைவுதான் வருகிறது.