பிபிசி தடை போட்டும் ஹிட்டான ‘டபுள் மீனிங்’ பாட்டுகள்: பிரிட்டிஷ்காரர்களுக்கு இதில் அப்படி என்ன கிக்?

1971 கிறிஸ்துமஸ். பிரிட்டன் பாப் சார்ட்டில் நம்பர் 1 இடத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு பால்காரரைப் பற்றிய பாட்டு. டி.வி. காமெடியன் பென்னி ஹில் பாடிய ‘எர்னி’. குதிரை வண்டியில் பால் ஊற்றும் எர்னிக்கும் ரொட்டி விற்கும் டெட்டுக்கும், சூ என்ற விதவைப் பெண்ணின் மனதைப் பிடிப்பதில் போட்டி. சண்டையில் டெட் வீசிய காய்ந்துபோன இறைச்சி பை எர்னியின் உயிரை வாங்கிவிடுகிறது. பால், கிரீம், ரொட்டி என்று மளிகை லிஸ்ட் மாதிரி போகும் பாட்டில், பல வரிகளுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கும். பென்னி ஹில் இளவயதில் நிஜமாகவே பால்காரராக வேலை பார்த்தவர் என்பது கூடுதல் தகவல்.

சரி, எழுபதுகளின் ஜோக், அதோடு போச்சு என்று நினைக்கிறீர்களா? 2006இல் பிபிசி ரேடியோவின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்த டேவிட் கேமரூன், தனித்தீவில் மாட்டிக்கொண்டால் கேட்க விரும்பும் எட்டுப் பாடல்களில் ஒன்றாக ‘எர்னி’யைத் தேர்ந்தெடுத்தார். அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். நான்கு வருடம் கழித்து பிரதமர்.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது?

கண்ணடிப்பில்தான் எல்லாம்

19ஆம் நூற்றாண்டின் ‘மியூசிக் ஹால்’களுக்குப் போக வேண்டும். பீர் குடித்துக்கொண்டே பாட்டு கேட்கும் அரங்குகள். கூட்டத்தில் தொழிலாளர்களே அதிகம். அங்கே ராணியாக இருந்தவர் மேரி லாயிட். எழுத்தில் படித்தால் அவருடைய பாட்டுகளில் ஆபாசம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஒரு கண்ணடிப்பு, ஒரு தோள் குலுக்கல், சரியான இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. அவ்வளவுதான், அரங்கம் அதிரும்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒழுக்கத்தைக் காப்பாற்றக் கிளம்பிய ஒரு கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரித்ததாம். தன் பாட்டுகளை அப்பாவி முகத்தோடு பாடிக் காட்டினார். ஒரு தப்பும் இல்லை. பிறகு கனவான்கள் வீட்டில் பாடப்படும் ‘கௌரவமான’ பாட்டு ஒன்றை எடுத்து, தன் ஸ்டைலில் கண்ணடித்துப் பாடினார். கமிட்டி நெளிந்ததாம். நடந்ததோ இல்லையோ, இந்த வகைப் பாட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பாடகர் சொல்வது நல்ல அர்த்தம். கெட்ட அர்த்தத்தைக் கண்டுபிடிப்பது நம்ம மூளை. சிரித்துவிட்டால் மாட்டிக்கொண்டது நாமதான்!

பிறகு வந்த மேக்ஸ் மில்லர் இதையே முழு ஷோவாக்கினார். பளபள பூப்போட்ட சூட்டில் வந்து, ‘வெள்ளை புத்தகம்’ வேண்டுமா, ‘நீல புத்தகம்’ வேண்டுமா என்று கூட்டத்திடம் கேட்பார். எதைக் கேட்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? வில்லங்கமான எதுகை வரப்போகிற இடத்தில் டக்கென்று நிறுத்திவிட்டு, கூட்டம் சிரித்ததும் “உங்களாலதான் என் பேர் கெடுது” என்கிற மாதிரி முறைப்பார்.

அரச குடும்பம் கலந்துகொண்ட 1912 மியூசிக் ஹால் நிகழ்ச்சிக்கு மேரி லாயிடுக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் 1922இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கில் கூடினார்கள். கவிஞர் டி.எஸ்.எலியட் அவரைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்.

முயலுக்கும் தடை

ரேடியோ வந்தபிறகு கதை மாறியது. மியூசிக் ஹாலில் கண்ணடிக்கலாம். ரேடியோவில் கண் தெரியாதே. எனவே சந்தேகம் வந்தால் வெட்டு என்பதே வழக்கமானது. யுகுலேலே போன்ற வாத்தியத்தை வாசித்துக்கொண்டு வெகுளியாகச் சிரிக்கும் ஜார்ஜ் ஃபார்ம்பி, 1936இல் ஜன்னல் துடைக்கும் தொழிலாளி, வீடுகளுக்குள் என்னவெல்லாம் பார்க்கிறான் என்று பாடினார். பிபிசி தடை. அடுத்த ஆண்டு பிளாக்பூல் கடற்கரையில் விற்கும் நீளமான சர்க்கரை மிட்டாய் பற்றிப் பாடினார். அதற்கும் தடை. ஆனால் அந்தக் காலத்தில் பிரிட்டன் சினிமாவின் பெரிய வசூல் ஸ்டார்களில் ஒருவர் அவர்தான்.

1948இல் பிபிசி தன் நகைச்சுவை நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. தேனிலவு ஜோடிகள், ஹோட்டல் பணிப்பெண்கள், வாடகைக்குத் தங்குபவர்கள், ஊர் ஊராகப் போகும் சேல்ஸ்மேன்கள், பெண்களின் உள்ளாடை, முயல்களின் பழக்கவழக்கம் ஆகியவை பற்றிய ஜாடைப் பேச்சுக்கெல்லாம் தடை. இந்த லிஸ்ட்டைப் படிக்கும்போதே சிரிப்பு வருகிறது என்பதுதான் பிரச்சினை. டபுள் மீனிங் எழுதக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல சிலபஸ் கிடைக்காது.

ஜார்ஜ் ஆர்வெல் இதை 1941லேயே கவனித்தார். கடற்கரை ஊர்களில் விற்ற டொனால்ட் மெக்கில்லின் வில்லங்க அஞ்சலட்டைகளைப் பற்றி எழுதியபோது, அதே ஜோக்குகள்தான் மியூசிக் ஹாலிலும் ஓடுகின்றன என்றார். கட்டுப்பாடான ஒழுக்கம் உள்ள சமூகத்தில்தான் இந்த ஜோக்குக்கு அர்த்தமே இருக்கிறது என்பது அவர் வாதம். எல்லாமே வெளிப்படையாகிவிட்டால் ஜாடைக்கு என்ன வேலை?

அந்தக் கட்டுப்பாடு எழுபதுகளில் தளரத் தொடங்கியிருந்தது. 1972இல் அமெரிக்க ராக் ஸ்டார் சக் பெர்ரி, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ‘மை டிங்-எ-லிங்’கை மேடையில் பாடியதும் கூட்டமே சேர்ந்து பாடியது. அந்தப் பதிவு பிரிட்டனில் நம்பர் 1. ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி ஒயிட்ஹவுஸ் தடை கேட்டும், பிபிசி இந்த முறை மசியவில்லை.

ஆனால் அதே ஆண்டு கிளம்பிய ஜட்ஜ் டிரெட்டிடம் அந்தத் தாராளம் இல்லை. நிஜப் பெயர் அலெக்ஸ் ஹியூஸ். கிளப் வாசலில் பவுன்சராக இருந்த வெள்ளைக்காரர். குழந்தைப் பாட்டு மெட்டில் பச்சை பச்சையாக ரெக்கே பாடினார். 11 பாட்டுகள் சார்ட்டில் ஏறின. எல்லாவற்றுக்கும் பிபிசியில் தடை. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட ‘மோலி’ என்று ஒரு பாட்டு வெளியிட்டார். அதில் இரண்டாவது அர்த்தமே இல்லை. அதையும் தடை செய்தார்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பு?

நேர்மையாகச் சொன்னால், இவற்றில் நிறைய பாட்டுகளை இப்போது கேட்டால் சங்கடமாக இருக்கிறது. ஃபார்ம்பியின் ஜன்னல் பாட்டு, அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பதைத்தான் ஜாலியாக்குகிறது. பென்னி ஹில்லின் டி.வி. ஷோவில் பெண்கள் துரத்துவதற்கான பொருள்களாகத்தான் வந்தார்கள் என்ற விமர்சனம் வலுத்தது. 1989இல் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

அதற்குள் இன்னொருவர் பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டார். விக்டோரியா வுட்டின் ‘பாரி அண்ட் ஃப்ரீடா’ எண்பதுகளின் டி.வி. ஹிட். மனைவிக்கு ஆசை பொங்குகிறது. கணவரோ ஒவ்வொரு சாக்காகத் தேடித் தப்பிக்கப் பார்க்கிறார். வில்லங்கம் குறையவே இல்லை. ஆனால் கேட்பது நடுத்தர வயதுப் பெண்; நெளிவது ஆண். மேரி லாயிட் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணடித்திருப்பார்.