கூடைப்பந்தாட்ட வீரர்களின் அறிவுத்திறனும் கல்வித் தேர்ச்சியும்

தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீரர்களின் அறிவுத்திறனும் கல்வித் தேர்ச்சியும் ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் பொருளாகும். ஐரோப்பாவில் இளம் வீரர்களைப் பெரும்பாலும் விளையாட்டுக் கழகங்களே பயிற்றுவிக்கின்றன. அமெரிக்காவிலோ இப்பணியைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் செய்கின்றன. ஆகவே அங்கு ஒரு வீரர் ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளோடு அவர் தேர்வில் பெற்ற மதிப்பெண்களும் பொதுப் பேச்சாகின்றன.

இவ்விவாதத்தில் ஆடுகளத்தில் வெளிப்படும் அறிவும், வகுப்பறையில் அளக்கப்படும் தேர்ச்சியும் ஒன்றாகக் கருதப்படுவதுண்டு. இவை வெவ்வேறானவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க இயலாது.

ஆட்ட அறிவு

என்.பி.ஏ. எனப்படும் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டங்களில் பந்தைப் பெற்ற அணி 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். அதற்குள் களத்திலுள்ள மற்ற ஒன்பது பேரின் இடத்தையும் நகர்வையும் கணித்து முடிவெடுக்க வேண்டியுள்ளது. இத்திறனை உளவியலாளர்கள் ஆய்வு செய்துள்ளனர். 1980 இல் அல்லார்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக் காட்சிகளின் ஒளிப்படங்கள் சில நொடிகள் மட்டும் காட்டப்பட்டு, வீரர்கள் நின்ற இடங்களை நினைவுகூரும்படி கேட்கப்பட்டது. முறையான தாக்குதல் அமைப்பு உள்ள படங்களில் கூடைப்பந்தாட்டக்காரர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாக நினைவுகூர்ந்தனர். ஒழுங்கற்ற காட்சிகளில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. சதுரங்க வல்லுநர்களிடம் முன்னரே கண்டறியப்பட்டதும் இதுவே. இங்கு வெளிப்படுவது பொதுவான நினைவாற்றல் அன்று. ஆட்டத்தின் அமைப்புகளைப் பல்லாண்டுப் பயிற்சியால் உள்வாங்கிய அறிவு.

2008 இல் உரோம் நகரின் ஆய்வாளர் அல்யோட்டியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு மேலும் வியப்பானது. தடையற்ற எறிவு ஒன்றின் நிகழ்படத்தை இடையில் நிறுத்தி, பந்து கூடைக்குள் விழுமா எனக் கேட்டனர். பயிற்றுநர்களும் விளையாட்டு இதழாளர்களும் பந்தின் பாதையைக் கண்ட பின்னரே சரியாகச் சொல்ல, வீரர்கள் பந்து கையை விட்டு அகலும் முன்னரே எறிபவரின் உடலசைவைக் கொண்டு கணித்தனர். வெறுமனே பல ஆட்டங்களைப் பார்த்திருப்பதால் மட்டும் இவ்வறிவு வந்துவிடுவதில்லை.

கல்லூரியில் பயிலாமல் 2003 இல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரடியாக என்.பி.ஏ.வில் நுழைந்த லெப்ரான் ஜேம்ஸ், 2018 மே மாதம் போஸ்டன் செல்டிக்ஸ் அணியிடம் தோற்ற ஓர் ஆட்டத்திற்குப் பின் செய்தியாளர்களைச் சந்தித்தார். நான்காம் காற்பகுதியின் தொடக்கத்தில் நடந்தவற்றை ஒவ்வொரு பந்தாக, யார் எங்கிருந்து எறிந்தார் என்பது உட்பட, குறிப்பு எதுவுமின்றி வரிசையாகச் சொன்னார். எந்த நுழைவுத் தேர்வும் இத்திறனை அளப்பதில்லை.

இனம் சார்ந்த முன்முடிவுகள்

கறுப்பின வீரர்களின் திறமை இயற்கையாக அமைந்த உடல்வலு என்றும், வெள்ளையின வீரர்களின் திறமை சிந்தனையால் விளைந்தது என்றும் கருதும் வழக்கம் அமெரிக்காவில் ஆழமாக வேரூன்றியது. 1997 இல் ஸ்டோன், பெரி, டார்லி ஆகிய உளவியலாளர்கள் இதனைச் சோதித்தனர். ஒரு கல்லூரி ஆட்டத்தின் வானொலி வருணனை ஒலிப்பதிவு எல்லோருக்கும் கேட்கவைக்கப்பட்டது. அதில் வரும் ஒரே வீரர் சிலருக்குக் கறுப்பினத்தவர் என்றும், சிலருக்கு வெள்ளையினத்தவர் என்றும் கூறப்பட்டார். கறுப்பினத்தவர் எனக் கேட்டவர்கள் அவரது உடற்திறனை உயர்வாகவும், வெள்ளையினத்தவர் எனக் கேட்டவர்கள் அவரது ஆட்ட அறிவை உயர்வாகவும் மதிப்பிட்டனர். கேட்டது ஒரே ஒலிப்பதிவு என்பது கவனிக்கத்தக்கது.

கல்வியில் சிறந்த வீரர்கள்

1943 இல் பிறந்த பில் பிராட்லி இவ்வகையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர். விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர், 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார். ஹாரி ட்ரூமனின் 1940 ஆம் ஆண்டு மேலவைத் தேர்தலைப் பற்றித் தம் பட்ட ஆய்வேட்டை எழுதினார். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் இரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே 1967 இல் நியூ யோர்க் நிக்ஸ் அணியில் சேர்ந்தார். அவ்வணி 1970, 1973 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. பின்னர் 1979 முதல் 1997 வரை நியூ ஜெர்சி மாநிலத்தின் மேலவை உறுப்பினராக இருந்தார். இத்தகைய ஒருவர் எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வின் மொழிப் பகுதியில் 800க்கு 485 மட்டுமே பெற்றிருந்தார். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நம்பியோருக்கு இதைவிடச் சங்கடமான சான்று கிடைப்பது அரிது.

ரோட்ஸ் உதவித்தொகை பெற்ற மற்றொருவர் டாம் மெக்மில்லன். என்.பி.ஏ.வில் ஆடிய இவர் பின்னாளில் அமெரிக்கக் கீழவை உறுப்பினரானார். டேவிட் ராபின்சன் கடற்படைக் கல்விக்கழகத்தில் கணிதம் பயின்றவர். அவருடன் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் ஆடிய டிம் டங்கன் உளவியல் மாணவர். தற்பெருமை பேசுவோரை மற்றவர்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது பற்றிய நூற்பகுதி ஒன்றின் இணை ஆசிரியர். காங்கோ நாட்டின் டிகெம்பே முட்டொம்போ மருத்துவம் பயிலும் நோக்குடன் 1987 இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திற்கு வந்து, மொழியியலிலும் அரசுறவியலிலும் பட்டம் பெற்றார். ஒன்பது மொழிகள் அறிந்த இவர் கின்சாசாவில் நிறுவிய மருத்துவமனை 2007 இல் திறக்கப்பட்டது. இவர் 2024 இல் காலமானார்.

கல்லூரிகளின் பொறுப்பு

மறுபுறம், வீரர்களின் ஆட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டு கல்வியைக் கைவிட்ட கல்லூரிகளும் உண்டு. ரோஸ் எதிர் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் என்ற வழக்கு இதனை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. ஏ.சி.டி. தேர்வில் 36க்கு 9 மட்டுமே பெற்ற வீரர் ஒருவரை அப்பல்கலைக்கழகம் 1978 இல் சேர்த்துக்கொண்டது; உடன் சேர்ந்த மாணவர்களின் சராசரி 23.2. குறிசுடுதல், கூடைப்பந்தாட்டக் கோட்பாடு முதலிய பாடங்களை எடுத்து நான்கு ஆண்டுகள் அணிக்காக ஆடிய அவர், பட்டமின்றி வெளியேறியபோது ஏழாம் வகுப்பு மாணவரின் வாசிப்புத் திறனையே கொண்டிருந்தார் என வழக்கு ஆவணங்கள் கூறுகின்றன. 1992 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கற்பித்தலின் தரக்குறைவுக்காக வழக்குத் தொடர முடியாது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் உறுதியளித்த கல்வி உதவியைத் தர மறுத்தது ஒப்பந்த மீறலா என்பதை விசாரிக்க இடமளித்தது.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1986 முதல் புதுமுக வீரர்களுக்கு எஸ்.ஏ.டி. தேர்வில் 700 என்ற குறைந்தபட்ச மதிப்பெண்ணை வரையறுத்தது. இவ்விதியை மேலும் இறுக்கும் முடிவு வறிய கறுப்பின மாணவர்களையே பாதிக்கும் எனக் கூறி, முட்டொம்போவின் பயிற்றுநரான ஜான் தாம்சன் 1989 சனவரியில் ஓர் ஆட்டம் தொடங்கும் முன் களத்தை விட்டு வெளியேறினார். ஆட்டம் முடிந்த பின் வாழ்க்கை என்ன என்பதை வீரர்களுக்கு நினைவூட்டக் காற்று இறங்கிய பந்தொன்றைத் தம் அலுவலகத்தில் வைத்திருந்தவர் இவர். நுழைவுத் தேர்வு நிபந்தனை 2023 இல் நீக்கப்பட்டது.

இடையில் விட்டுத் தொடர்ந்தோர்

வீரர் உயர்நிலைப் பள்ளியை முடித்து ஓராண்டேனும் கடந்திருக்க வேண்டும் என்ற என்.பி.ஏ. விதி 2006 ஆம் ஆண்டுத் தெரிவு முதல் நடைமுறைக்கு வந்தது. இதனால் பலர் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டு வெளியேறினர். அதற்கு முன்னரும் பட்டத்தை முடிக்காமல் சென்றோர் பலர். 1992 இல் கல்லூரியை விட்ட ஷகீல் ஓனீல் 2000 இல் பட்டமும் 2012 இல் கல்வியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். 1998 இல் வெளியேறிய வின்ஸ் கார்ட்டர், 2001 மே 20 காலை வட கரோலினாவில் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டு, அன்றே பிலடெல்பியா சென்று டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்காகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் ஆடினார். இறுதி நொடியில் அவர் எறிந்த பந்து கூடையில் விழவில்லை. அணி 88-87 எனத் தோற்றது. பட்டம் பெறச் சென்றதற்காக அவர் பல ஆண்டுகள் குறைகூறப்பட்டார்.