உப்பளக் கரையில் கொள்ளைநோய் ஆயத்தம்

கொள்ளைநோய்க்கு ஆயத்தம் என்றவுடன் படுக்கைகளையும் பிராணவாயு உருளைகளையும் எண்ணத் தொடங்குகிறோம். அவை தேவையே, 2021 மே மாதத்தில் பிராணவாயுவுக்காக நாடு பட்ட பாட்டை எவரும் மறந்திரார். ஆயினும் வளங்குன்றிய இடங்களில் ஆயத்தம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கவேண்டும் என்பது நம் கருத்து. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளப் பகுதியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

உப்பு வெயிலில் விளைவது. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும், வேலை நின்றுவிடும். கோடையில் ஈட்டும் கூலியே மழைக்காலத்துச் சோறு. 2020 மார்ச் 25இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது கோடையின் தொடக்கத்தில். குடும்ப அட்டைக்கு அரசு அளித்த 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் உதவின என்பது மெய். ஆனால் ஒரு பருவத்துக் கூலிக்கு அவை ஈடாகா. அடிக்கடி கை கழுவுக என்னும் அறிவுரையும், நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்துவரும் வீட்டில் எளிதானதன்று.

தமிழகத்திற்கு ஒரு பலம் இருந்தது. பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்ககமும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் நமக்கு உண்டு. 2020 மே மாதத்தில், சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாக விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் தொற்று பெருகிற்று. அத்தகைய வேளையில் யார் எந்தத் தெருவிற்கு வந்திருக்கிறார் என அறியக்கூடியவர், அத்தெருவில் நாள்தோறும் நடக்கும் களப்பணியாளரே. சமவெளிப் பகுதியில் 5000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நெடுநாளைய அளவு. அந்நிலையத்துச் செவிலியரே இவ்வமைப்பின் அடித்தளம்.

குறை வேறிடத்தில் வெளிப்பட்டது. கடுநோய்க்கு இக்கரையினர் நாடுவது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையை. 2020 மார்ச்சில் அதன் வழக்கமான புறநோயாளர் சேவை நிறுத்தப்பட்டது. புதுச்சேரி எல்லையிலும் தடை. தொற்றே இல்லாத நீரிழிவு நோயாளி மாத்திரைக்கு எங்கே போவார்? 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இத்தகைய மருந்துகளை வீட்டிற்கே கொண்டுவருகிறது. அடுத்த கொள்ளைநோய்க்கு இதைவிடச் சிறந்த ஆயத்தம் அரிது. நெருக்கடியில் புதிதாகக் கட்டவேண்டியதின்றி, ஏற்கெனவே நடந்துவரும் பணி இது.

கூலிக்கும் இவ்வாறே ஒரு வழி காணலாம். உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5000 ரூபாய் வழங்கும் திட்டத்தை அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்தது. அதற்கெனத் தொகுத்த பெயர்ப்பட்டியல், நோயால் வேலை முடங்கும் கோடையிலும் பயன்படலாமே!

தனிமைப்படுத்தலுக்கு லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தைச் சான்று காட்டுவோர் பலர். அடுத்த அதிகாரத்தில் ஆசாரியனே பாளயத்தைவிட்டு வெளியே சென்று நோயாளியைக் காண்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அடைக்கப்பட்ட வீட்டிற்குத் தண்ணீர், அரிசி, மாத்திரை ஆகியவற்றைக் கொண்டுசெல்பவர் யார் என்பதைக் கரையோரச் சபைகளின் போதகர்கள் ஊர்ச் செவிலியருடன் முன்னரே பேசி முடிவு செய்யலாம். பாத்திகள் ஓய்ந்திருக்கும் மழை மாதங்கள் அதற்கு ஏற்ற காலம்.