தாராவிப் பொங்கலும் மட்கலப் பெயர்களும்: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

நாட்டுப்புற விழாக்களில் இசை, ஆடல், கைவினை என்பன தனித்தனியே நிற்பதில்லை. ஒரே பொருள் கைவினைஞரிடம் வனைபொருளாகவும், பெண்டிரிடம் சமையற் கலமாகவும், ஆடுவோர் தலையில் தெய்வ வடிவாகவும், பாடுவோர் நடுவில் இசைக் கருவியாகவும் அமைவதுண்டு. மட்கலம் அத்தகைய பொருளாகும். அதற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவை கலத்தின் வடிவத்தை மட்டுமன்றி, அக்கலம் செய்யும் தொழிலையும் சார்ந்து அமைந்தவை. ஆயினும் அவற்றைப் பிறமொழிகளில் பெயர்க்கும்பொழுது ஒரே பொதுச் சொல்லால் குறித்துவிடும் போக்குக் காணப்படுகிறது. இதனால் நேரும் இழப்பு எத்தகையது, அதனைத் தவிர்க்கும் நெறி யாது என்பனவற்றை, மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் விழா வழக்குகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. விழாக் களம்

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊராக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பகுதியினின்று சென்ற தமிழர்கள் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டுக் குடியமர்ந்தனர். குசராத்தின் சௌராட்டிரப் பகுதியினின்று வந்த குயவர்கள் கும்பார்வாடா என்னும் குடியிருப்பை அமைத்துக் கொண்டனர். இவ்வாறு தமிழ், மராத்தி, குசராத்தி, இந்தி, உருது ஆகிய மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் வழங்கும் நிலை உருவாயிற்று.

தைத்திங்கள் முதல் நாளில் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் தமிழ்ப் பெண்டிர் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். ஊரில் வீட்டு முற்றத்தில் நிகழ்வது, முற்றம் இல்லாத நகரில் பொதுச் சாலைக்கு வந்துள்ளது. இல்லத்து வழிபாடு தெருவிழாவாக மாறிய இம்மாற்றம் மொழிக்கும் ஒரு புதுத் தேவையைத் தோற்றுவித்தது. முற்றத்தில் நிகழும் வழிபாட்டை எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை. தெருவில் நிகழும் விழாவை வழிச்செல்வோர்க்கும், அயலார்க்கும், காவல் துறையினர்க்கும், செய்தியாளர்க்கும் அவரவர் மொழியில் விளக்க வேண்டியுள்ளது. மொழிபெயர்ப்பின் தேவை இங்கேயே தொடங்குகிறது.

3. பொங்கல்: பெயரும் வினையும்

‘பொங்கு’ என்னும் வினையடியுடன் ‘அல்’ ஈறு சேர்ந்து பிறந்த தொழிற்பெயர் பொங்கல். இத்தொழிற்பெயர் ஆகுபெயராய் நின்று உணவையும், பின்னர் அவ்வுணவு சமைக்கப்படும் நாளையும் குறித்தது. இம்மூன்று பொருளும் இன்றும் ஒருங்கே வழங்குகின்றன. ‘பால் பொங்கிற்று’ என்பதில் வினையும், ‘பொங்கல் உண்டனர்’ என்பதில் உணவும், ‘பொங்கலுக்கு வந்தனர்’ என்பதில் நாளும் பொருளாகின்றன. பால் வழியும் நேரத்தில் எழும் ‘பொங்கலோ பொங்கல்’ என்னும் கூவலில் இம்மூன்றும் கலந்து ஒலிக்கின்றன. அதனுடன் எழும் குலவை ஒலிக்குச் சொல்லே இல்லை. எனினும் அதற்கும் பொருள் உண்டு.

இந்நாளை அயலார்க்கு உணர்த்துமிடத்து, மராத்தியிலும் இந்தியிலும் ‘மகர சங்கராந்தி’ என்று கூறிவிடுதல் எளிய வழியாகத் தோன்றும். நாள் பெரும்பாலும் ஒன்றே. ஆயின் சங்கராந்தி என்பது ஞாயிறு ஓர் இராசியினின்று மற்றோர் இராசிக்குப் பெயர்வதைக் குறிக்கும் சொல். பொங்கல் என்பதோ அடுப்பின் மேல் கலத்தில் நிகழும் செயலைக் குறிக்கும் சொல். முன்னது வானத்தை நோக்கியது. பின்னது கலத்தை நோக்கியது. நாளை ஒப்பிட்டுப் பெயர்ப்பவர் கலத்தை இழந்துவிடுகிறார்.

4. ஒரு கலம், பல பெயர்

சமைப்பதற்கு உரியது பானை. நீர் முகப்பதற்கு உரியது குடம். வாய் அகன்றது சட்டி. பதநீரும் கள்ளும் இறக்கப் பயன்படுவது கலயம். நீர் நிறைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து வழிபடப்படுவது கும்பம். பூவால் அலங்கரிக்கப்பெற்றுத் தலைமேல் ஏறுவது கரகம். மேடையில் மடிமீது வைத்து வாசிக்கப்படுவது கடம். ஒரே சக்கரத்தில் வனையப்பட்ட இரு கலங்கள் பயன்பாட்டால் வேறு பெயர் பெறுதல் நோக்கத்தக்கது. குடத்தில் நீர் நிறைத்து வழிபாட்டில் வைத்த அளவிலேயே அது கும்பமாகிறது. வழிபாடு முடிந்தபின் மீண்டும் குடமாகிறது.

இப்பெயர்களுள் கரகம் என்பதன் வரலாறு தனித்து ஆராயத்தக்கது. தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்கு உரியனவாகக் கூறும் பொருள்களுள் கரகமும் ஒன்று. கலித்தொகையிலும் அது உறியில் தொங்கும் நீர்க்கலமாகவே இடம்பெறுகிறது. அச்சொல்லே இன்று அம்மன் விழாவில் எடுக்கப்படும் கலத்தின் பெயராக வழங்குகிறது. அதிலும், வழிபாட்டிற்கு உரியது சக்திக் கரகம் என்றும், ஆடலுக்கு உரியது ஆட்டக் கரகம் என்றும் வேறுபடுத்தப்படுகின்றன. துறவியின் கையில் இருந்த கலத்தின் பெயர் ஆடுவோர் தலைக்கு ஏறிய இப்பொருள் மாற்றத்தை, ‘பானை நடனம்’ என்று பெயர்க்கும் எந்த மொழிபெயர்ப்பும் காட்டுவதில்லை.

குடம் ஏந்தி ஆடுதல் தமிழில் தொன்மை வாய்ந்தது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடியனவாகக் கூறப்படும் பதினோராடல்களுள் குடக்கூத்தும் ஒன்று. அது வாணனது நகரத் தெருவில் மாயோன் ஆடியதாக அக்காப்பியம் குறிக்கிறது. குடம் தெருவுக்கு வந்த கலம் என்பது இலக்கியத்திலேயே பதிவாகியுள்ளது.

தாராவித் தமிழர் பலரின் பூர்விகமாகிய நெல்லைச் சீமையில் குடத்திற்கு மற்றொரு பணியும் உண்டு. வில்லுப்பாட்டில் வில்லின் நடுப்பகுதி மட்குடத்தின் கழுத்தோடு பொருந்துமாறு கட்டப்படுகிறது. குடத்தின் வாயை மட்டையால் அறைந்து தாள ஒலி எழுப்புகின்றனர். இக்கலை பெரிதும் நிகழ்வது அம்மன் ‘கொடை’யில். கொடை என்பது அங்கு ஈகையை மட்டும் குறிப்பதன்று. சிறு தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவையே குறிக்கும். அகராதிப் பொருளைக் கொண்டு ‘நன்கொடை’ என்று பெயர்ப்பின் விழா முழுவதும் மறைந்துவிடும்.

5. அயலார் கலங்கள்

மும்பையில் தமிழ்க் கலங்கள் தனித்து நிற்கவில்லை. அதே சங்கராந்தி நாளில் மராத்தியப் பெண்டிர் ‘சுகட்’ எனப்படும் சிறு மட்கலங்களில் கரும்புத் துண்டு, இலந்தை, எள் முதலிய புதுவிளைவுகளை நிரப்பி வழிபடுகின்றனர். கோகுலாட்டமியை ஒட்டி நகரெங்கும் உயரத்தில் கட்டப்படும் தயிர்க்கலம் ‘ஹண்டி’. விழாவே ‘தஹி ஹண்டி’ எனப் பெயர் பெற்றுள்ளது. நவராத்திரியில் குசராத்தியர் விளக்கேற்றி வைக்கும் துளையிட்ட மட்கலத்தின் பெயரால், அதனைச் சுற்றி ஆடும் ஆடல் ‘கர்பா’ எனப்படுகிறது. 2023இல் குசராத்தின் கர்பா ஆடல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

கலத்தின் பெயர் ஆடலுக்கு ஆகிவரும் இம்முறை தமிழின் கரகத்திற்கும் குசராத்தியின் கர்பாவிற்கும் பொதுவானது. கரகம் எடுக்கும் தமிழரும், கர்பா ஆடும் குயவரும் தாராவியில் ஒரு சாலையின் இரு புறத்தார். ஆகவே, தமிழ்க் கரகத்தைக் குசராத்தியர்க்கு விளக்கப் புகும் மொழிபெயர்ப்பாளர் அகராதியில் பானைக்கு நிகரான சொல்லைத் தேட வேண்டுவதில்லை. கர்பாக் கலத்தோடு ஒப்பிட்டு, அது தரையில் விளக்கைத் தாங்கி நிற்பது, இது தலைமேல் தெய்வத்தைத் தாங்கி ஆடுவது என்று கூறின் போதும். இவ்விளக்கம் ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒருங்கே உணர்த்தும்.

6. பெயர்க்கப்படும் பெயரும் பெயர்க்கப்படாப் பெயரும்

தாராவியினின்று சிறிது தொலைவிலேயே மாட்டுங்கா உள்ளது. அங்குத் தமிழர் அமைத்த சங்கங்களும் பள்ளிகளும் பல. அதனை அடுத்து, 1952இல் தொடங்கப்பெற்ற சண்முகானந்த நுண்கலை சங்கீத சபையின் அரங்கம் அமைந்துள்ளது. செம்பூர்ச் சேடா நகரின் முருகன் கோயில், திருச்செந்தூரை நினைவூட்டும் ஒலியமைப்பில் ‘திருச்செம்பூர்’ என்று வழங்கப்படுகிறது. இது புலம்பெயர்ந்தோர் வேற்றுமொழி ஊர்ப்பெயரைத் தம்முடையதாக்கிக் கொண்டதற்கு எடுத்துக்காட்டு. முருக வழிபாட்டில் குடம் ‘பால்குடம்’ ஆகிறது.

சபை மேடையில் வாசிக்கப்படும் மட்கலம் கடம். வில்லுப்பாட்டில் அறையப்படும் மட்கலம் குடம். இரண்டும் களிமண்ணால் வனைந்து சுடப்பட்டவை; இரண்டும் தாளக் கருவிகள். ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் எழுதுவோர் கடத்தைக் கடம் என்றே எழுதுகின்றனர். குடத்தையோ அவ்வம்மொழியின் பொதுச் சொல்லால் பெயர்த்துவிடுகின்றனர். பரதநாட்டியம் எங்கும் பரதநாட்டியமாகவே செல்கிறது. கரகாட்டம் ‘பானை நடனம்’ ஆகிவிடுகிறது. மிருதங்கம் மிருதங்கமாகவே நிற்கிறது. பறை வெறும் ‘கொட்டு’ ஆகிறது.

செவ்வியல் கலைச்சொல் சிறப்புப் பெயராகவும், நாட்டுப்புறக் கலைச்சொல் பொதுப் பெயராகவும் கொள்ளப்படுவதன் விளைவே இவ்வேறுபாடு. இது மொழியமைப்பால் நேர்ந்ததன்று, மதிப்பீட்டால் நேர்ந்தது. பெயரைக் காத்துக் கொண்ட கலை தனக்கென இலக்கணம் உடையதாக எண்ணப்படுகிறது. பெயரை இழந்த கலை, பயிற்சியின்றி எவரும் செய்யக்கூடியதாக எண்ணப்படுகிறது. பறை என்னும் சொல்லோடு தொடர்புடைய மக்கட் பெயர் ஆங்கிலத்தில் ‘பரையா’ எனப் புகுந்து, விலக்கப்பட்டோரைக் குறிக்கும் பொதுச் சொல்லாகி நிற்பது, ஒரு பெயர் தன் சூழலை இழந்தால் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குச் சான்று. ஆதலின், கருவியின் பெயரைப் பேணுதல் அதனை முழக்குவோரின் மதிப்பைப் பேணுதலும் ஆகும்.

7. பெயர்ப்பு நெறிகள்

மேற்கண்டவற்றால் பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஒரே நூலில் செவ்வியல் கலைச்சொல்லுக்கும் நாட்டுப்புறக் கலைச்சொல்லுக்கும் ஒரே முறையைக் கையாளுதல் வேண்டும். கடத்தைப் பெயர்க்காதவர் குடத்தையும் பெயர்த்தல் ஆகாது. முதல் வழக்கில் பெயரைத் தந்து, அடுத்துச் செயலால் விளக்குதல் தகும்.

இரண்டாவது, கலத்தை வடிவத்தால் விளக்காது தொழிலால் விளக்குதல் வேண்டும். ‘சிறிய வாயுடைய மண்பாண்டம்’ என்பதினும் ‘வில்லுப்பாட்டில் தாளம் தரும் மட்குடம்’ என்பதே பொருளை உணர்த்தும்.

மூன்றாவது, வாசகரின் மொழியில் நிகரான விழாப் பொருள் இருப்பின் அதனை ஒப்புமையாகக் கூறலாம். அதன் பெயரை மாற்றுப் பெயராக வைத்தல் ஆகாது. பொங்கலைச் சங்கராந்தியோடு ஒப்பிடுதல் வேறு. சங்கராந்தி என்றே எழுதுதல் வேறு.

நான்காவது, வட்டாரப் பொருளை அகராதிப் பொருளுக்கு முன் வைத்தல் வேண்டும். கொடை என்னும் சொல் நெல்லை மக்கள் வாயில் வரும்பொழுது முதற்கண் விழாவையே நோக்குதல் முறை.

இந்நெறிகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022இல் முடிவாகி, 2024இல் குடியிருப்புக் கணக்கெடுப்புத் தொடங்கியது. கும்பார்வாடாவில் வீடு, வனையும் இடம், கலங்களை உலர்த்தும் வெளி, சூளை ஆகியன ஒன்றோடொன்று இணைந்தவை. ‘வாடா’ என்னும் சொல் இவ்விணைப்பைத் தன்னுள் அடக்கியது. அதனை ‘குடியிருப்பு’ என்று மட்டும் பெயர்த்தால் சூளை விடுபடும். ‘தொழிற்கூடம்’ என்று மட்டும் பெயர்த்தால் குடும்பம் விடுபடும். பொங்கல் நிகழும் சாலையைப் ‘போக்குவரத்து வழி’ என்று மட்டும் குறிப்பின், ஆண்டுக்கு ஒரு நாள் அது ஊர் முற்றமாக மாறுவது ஆவணத்தில் இடம்பெறாது. பதிவில் இல்லாத ஒன்றுக்குப் புதிய திட்டத்தில் இடம் கேட்பது அரிது.

8. முடிவுரை

மட்கலம் உடையும் பொருள். ஆண்டுதோறும் புதுப்பானை வாங்கிப் பழையதைக் கழிப்பது பொங்கல் மரபு. கலம் உடைந்தாலும் அதன் பெயரும் அதனைச் சூழ்ந்த செயலும் நிலைத்திருப்பதனாலேயே விழா தொடர்கிறது. தாராவியின் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் பிறமொழியும் வழங்குகின்றனர். பானை, குடம், கும்பம், கரகம் என்னும் வேறுபாட்டை அவர்கள் அறியும் இடமாக விழா நாள் உள்ளது. அங்கு அவர்கள் கேட்கும் சொல்லும், மறுநாள் பிறமொழிச் செய்தித்தாளில் அவர்கள் படிக்கும் சொல்லும் முரண்படாதிருத்தல் வேண்டும். தாய் தலைமேல் எடுத்த கரகம் அச்சிலும் கரகமாகவே இருப்பின், அது தம் கலை என்று பிள்ளை அறியும். அவ்வறிவைக் காப்பதில் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரும் பங்குண்டு.